என் தங்கை ஜிந்த்ராவின் பெயர்நாள்

என் தங்கை பிறந்த காலையில் அப்பா கடற்கரையில் அம்பர் என்கிற பொன்னிறப் பிசின்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். எங்கள் லாட்விய மொழியில் அம்பருக்கு ஜிந்தர்ஸ் என்று பேர். அதையே பெண் பெயராக்கி ஜிந்த்ரா என்று வைத்துவிட்டார். மூன்று வருஷம் முந்திப் பிறந்த எனக்குக் கிடைத்தது பாதிரியார் வீட்டம்மாளின் பழைய ஜெர்மன் பெயர்: குனிகுண்டா. அதன் பொருளில் குலம் பாதி, போர் பாதி. தொட்டிலிலேயே என்னைச் சண்டைக்காரி ஆக்கிவிட்டார்கள்.

எங்கள் ஊர் லியபாயாவில் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் பெரிது. நாட்காட்டியில் நம் பெயர் போட்ட நாளில் மேசை போட்டுக் காத்திருக்க வேண்டும். யாரையும் அழைக்கக் கூடாது. பிரியமுள்ளவர்கள் தாமாக வருவார்கள். ஜிந்த்ரா டிராமில் டிக்கெட் கொடுப்பவள், அவளுக்குப் பாதி ஊரே வரும். என் பெயர் நாட்காட்டியிலேயே கிடையாது. என்னைப் போன்றவர்களுக்கென்று மே இருபத்திரண்டை ஒதுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு என் வீட்டுக்கு அவள் ஒருத்திதான் வருவாள். அவள் நாளுக்கு நான் ஒருமுறையும் போனதில்லை. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பெயர்நாளுக்கு முதல் நாளே ரொட்டிக்கடை வேல்டாவிடம் சொன்னேன்.

"ஜிந்த்ராவுக்கு ஒட்டிக்கிற காய்ச்சல். நாளைக்கு யாரும் போய்டாதீங்க."

வேல்டா காதில் போட்டால் ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி.

மறுநாள் சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் போனேன். குங்குமப்பூ ரொட்டி வெட்டாமலே கிடந்தது. இருபது கோப்பைகளும் காலி. ஜிந்த்ரா அழுதுகொண்டிருந்தாள்.

"நான் யாருக்கு என்னக்கா பண்ணேன்? ஒருத்தர்கூட வரல."

எனக்கு உள்ளே இனித்தது. மறைக்க மாட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய துண்டாக வெட்டி என் முன் வைத்தாள். "நீ வந்துட்டல்ல. அது போதும்."

ரொட்டி நன்றாக இருந்தது. அதுவும் எனக்கு ஆகவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போனதும் வேல்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில டிராம்ல ஜிந்த்ராவைப் பார்த்தேன். காய்ச்சலோட ஏன்டி வேலைக்கு வந்தே, உங்கக்கா சொன்னாளேன்னு கேட்டேன். எனக்கு டிக்கெட்டை ரெண்டு தடவை கிழிச்சுக் கொடுத்தா. அப்புறம், 'ஆமா, இருந்துச்சு. அக்கா வந்து பார்த்துக்கிட்டா, எறங்கிடுச்சு'ன்னா. நாங்கல்லாம் பயந்து ஒதுங்கிட்டோம். நீதான் துணிஞ்சு போயிருக்கே."

ஜிந்த்ரா என் பொய்யைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன். அதற்கும் வழி விடவில்லை, பாவி.