சுவருக்குள் பாடிய பெண்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பேய் இருந்தது என்றால், அதைப் பெற்றெடுத்தவள் நான்தான். அடித்தளத்தில் சலவைப் பிரிவில் எனக்கு வேலை. ஒரு நாள் மதியம் இயந்திரங்களை நிறுத்திவிட்டு ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தேன். சுவருக்குள் ஒரு பெண் பாடினாள். வார்த்தை எதுவும் இல்லை, உயரத்தில் போகும் மெல்லிய குரல் மட்டும். பாட்டு நின்ற பிறகும் கையில் ரோமம் சிலிர்த்தபடியே இருந்தது. விரிப்பை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி, கண்ணில் பட்ட முதல் நர்ஸிடம் சொல்லித் தொலைத்தேன்.

சாயங்காலத்துக்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. எப்போதோ பிரசவத்தில் செத்துப்போன சின்னப் பெண் அவள் என்றார்கள். மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டில் அவள் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. மதியம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, கூரையோரக் காற்றுத் துளையிலிருந்து அது இறங்கும். வார்டே மூச்சை அடக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வாரம் எனக்கு உண்மை தெரிந்தது. பக்கத்து அறை பாய்லர் அறை. நீராவி குறைகிறது என்று சொல்லப் போய்க் கதவைத் திறந்தால், பாட்டு. உள்ளே புல்டோசர் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். பாய்லர் ஆபரேட்டரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆறடி உயரம், தூண் மாதிரிக் கழுத்து, பேசினால் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி இருக்கும். நான் அவனைத் தாண்டி அந்தப் பெண்ணைத் தேடினேன். பாய்லருக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றான். "சிரிப்பாங்க."

"எங்க கத்துக்கிட்ட தம்பி?"

"கத்துக்கல. சின்ன வயசுல பாடினப்ப, எருமைக்கு எதுக்குடா பொம்பளைக் குரல்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் ஆள் இல்லாத எடத்துலதான்."

அறையின் காற்றுக் குழாய் அவன் பாட்டை மாடிவரை கொண்டுபோனது அவனுக்கே ரொம்ப நாள் தெரியாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகியும் மனைவியிடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பேயை முதலில் கேட்டவள் என்று கேண்டீனில் எனக்குக் கிடைத்த மரியாதையை விட மனசில்லை என்பதும் ஒரு காரணம்.

பித்தப்பைக் கல்லுக்காக அவன் மனைவியை மூன்றாம் மாடியில் சேர்த்தபோதுதான் வினை வந்தது. ஆபரேஷனை நினைத்து நடுங்கிக் கிடந்தவள், மதியப் பாட்டைக் கேட்டால் அடங்கிவிடுவாள்.

"அந்தப் பொண்ணு பாடறப்ப எனக்குச் சாவுகூடப் பயமா இல்லக்கா," என்று என்னிடம் கண்கலங்கினாள். "எங்க வீட்டுக்காரர் கீழதான் இருக்கார், காதுலயே விழலையாம். சரியான மரக்கட்டை."

நான் சும்மா இருந்திருக்கலாம். அப்படியே போய் அவனிடம் சொன்னேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் யாரையும் அப்படிப் புகழ்ந்து அவன் கேட்டதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால், ஒரே ஒரு தடவை, தன் முகத்தைப் பார்த்து அவள் அதைச் சொல்ல வேண்டும். அவன் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

"அது நான்தான்," என்று அவளிடம் சொன்னான்.

"சிரிக்க வைக்காதீங்க, வயிறு வலிக்குது."

நான் சாட்சி சொன்னேன். "அக்காவையும் கூட்டு சேத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின மதியம், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு அவன் பாட ஆரம்பித்தான். நான் திரையோரம் நின்றேன். அவள் முகம் மலர்ந்தது. கண்கள் வழக்கம்போலக் கூரைத் துளைக்குப் போயின. சத்தம் அங்கிருந்து வரவில்லை. கண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அவன் வாயில் வந்து நின்றன.

"வெளிய வா," என்றாள், ரகசியம் சொல்வதுபோல. "அவரை விட்டுட்டு வெளிய வந்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எப்படியும் நம்ப வைத்துவிடலாம் என்று அவன் இன்னும் உருகிப் பாடினான். அவள் தலையணையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு அலறினாள். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். எதிர்க்கட்டில்காரி எழுந்து உட்கார்ந்து, "அவரைப் பிடிச்சிடுச்சு," என்றாள். டாக்டர் மட்டும் பேய் என்று சொல்லவில்லை. அவனை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். அவன் பாடினான் என்று அவரும் நம்பவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அவள் வீட்டுக்குப் போனாள். சமைக்கிறாள், பேசுகிறாள். ஆனால் அவன் கொட்டாவி விட வாயைத் திறந்தாலும் அவள் கைவேலை நின்றுவிடுகிறதாம். இப்போது அடுத்த அறையில் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறாள். அவன் பாடுவதை விட்டுவிட்டான். பேய் போய்விட்டது என்று மாடியில் நிம்மதியானார்கள்.

போன வாரம் மதியம் என் அறைக்கு வந்தான். நான் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இப்பப் பாடிப் பாத்தேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சு." பாய்லர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் நெருங்கி நின்றான். "பயந்துபோய்ப் பாதியில ஓடி வந்துட்டேன். நீங்கதானே நேர்ல பாத்தீங்க, உண்மையைச் சொல்லுங்க. பாடறது நான்தானா?"

"நீதான் தம்பி," என்றேன். சொல்வதற்கு முன் நான் ஒரு நொடி யோசித்ததை அவன் பார்த்துவிட்டான்.