கலந்துரையாடலுக்குப் பின் தேநீர்

எங்கள் நாடகக் குழுவின் அழைப்பிதழில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘நாடகத்துக்குப் பின் கலந்துரையாடல். அதற்குப் பின் தேநீர்.’ 2004இல், முதல் நாடகத்தின்போது, வரிசையை மாற்றிப் போட்டுவிட்டோம். டீ குடித்த கையோடு ஜனம் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டது. கருத்துச் சொல்ல நாங்கள் ஐந்து பேர்தான் மிச்சம். அதற்கப்புறம் டீயைக் காட்டித்தான் ஆட்களை உட்கார வைத்தோம்.

எட்டு வருஷத்தில் எட்டு நாடகம் எழுதினேன். வார நாட்களில் கடலூரில் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒத்திகை, நடிகர் ஒருவரின் டியூஷன் சென்டரில், பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சிப்காட் கெமிக்கல் ஆலைகள் வந்தது மூக்குக்குத் தெரியும். சினிமாவும் இல்லை, கூத்தும் இல்லை, இது என்ன நாடகம் என்று கேட்டவர்களுக்கு விளக்கியே வாய் வலித்தது. பார்க்க வருவது அதே நாற்பது பேர். போன நாடகம் மாதிரி இது இல்லை என்று அவர்களே சொல்வார்கள்; போன நாடகத்தின்போதும் அதைத்தான் சொன்னார்கள். சலித்துப்போனது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. விடவும் முடியவில்லை. புலிவாலைப் பிடித்தவன் கதைதான், என் புலி கிழட்டுப் புலி.

எட்டில் ஒன்றுதான் பேர் வாங்கிக் கொடுத்தது. காய்ச்சலில் படுத்திருக்கும் மனைவி, அவள் கணவன், இரண்டே பாத்திரம். அது எங்கிருந்து வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

சிக்குன்குனியா தெருத் தெருவாக முடக்கிப் போட்ட வருஷம் அது. என் மனைவி மூன்று நாளாகக் கட்டிலில் கிடந்தாள். நான் அடுத்த அறையில் நாடகம் எழுத உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி நகரவில்லை. பகல் பதினொரு மணி இருக்கும். உள்ளிருந்து அவள் சொன்னாள்:

“கொஞ்சம் சுடுதண்ணி வேணும்னு கேக்கக்கூடத் தெம்பு இல்லீங்க. நீங்களா எழுந்து வந்தா என்னவாம்?”

வேறு எவனாக இருந்தாலும் எழுந்து போயிருப்பான். நான் அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டேன். அதைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று நான்கு பக்கம் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது, அவளே சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாடகத்தில் மட்டும் கணவன் எழுந்து போகிறான். தண்ணீரைச் சுட வைத்து, டம்ளரைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக் கொடுக்கிறான். அந்த இடத்தில் சிதம்பரத்திலும் அழுதார்கள், கம்மாபுரத்திலும் அழுதார்கள்.

அவள் மட்டும் அதைப் பார்த்ததில்லை. “உனக்கு போரடிக்கும்” என்று ஒவ்வொரு தடவையும் நானே முந்திக்கொள்வேன். பயம்தான், வேறென்ன. அவள் ஒரு தடவை பார்த்தால் போதும், என் குட்டு உடைந்துவிடும்.

தானே புயலுக்குப் பிறகு கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. ஊரே சோர்ந்து கிடக்கிறது, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று குழுவில் சொன்னார்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில், பகல் வெளிச்சத்திலேயே அந்த நாடகத்தைப் போடுவதாக ஏற்பாடு. நான் கிளம்பும்போது அவள் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“வூட்ல ஃபேனும் ஓடல, டிவியும் இல்ல. போரடிச்சா அங்கயே அடிக்கட்டும். நானும் வரேன்.”

இரண்டு தெருவும் அவளுக்கு முன்னால் நடந்தேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் நாடகத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் வந்ததும் தலையை நிமிர்த்தினாள். டம்ளர் காட்சியில் பக்கத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். அவள் அசையவில்லை.

கலந்துரையாடல் தொடங்கியது. “வசனமெல்லாம் எங்கேருந்து சார் புடிக்கிறீங்க?” என்று ஒருவர் கேட்டார். “எல்லாம் ஜனங்ககிட்டேருந்துதான்” என்று வழக்கமான பதிலைச் சொன்னேன். பிறகு, கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற பேராசிரியர், “பெண்கள் தரப்புலேருந்து யாராவது ஒருத்தர் பேசணும்” என்றார். ஒவ்வொரு நாடகத்துக்கும் இப்படிக் கேட்பார். பெண்கள் சிரித்துக்கொண்டே டீ கேனைப் பார்ப்பார்கள். அவரும் அடுத்த ஆணிடம் போய்விடுவார். எங்கள் சடங்கு அது.

அன்று என் மனைவி எழுந்து நின்றாள். அவள் யாரென்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

“நாடகம் நல்லா இருந்துச்சுங்க. அந்தப் பொம்பள பேசுனது நெஜம். எனக்குக் காச்சல் வந்தப்ப எங்க வூட்ல நான் பேசுனதுதான் அது. அந்த ஆம்பள செஞ்சதுதான் பொய். எங்க வூட்டுக்காரரு எழுந்து வரல. காதுல விழலபோலன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒரு எழுத்து மாறாம எழுதியிருக்காரு. அப்ப விழுந்துதான் இருக்குது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “தேநீர் தயார்” என்றார் பேராசிரியர். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. அவள் வரிசையில் நின்று, டீ வாங்கி, நிதானமாகக் குடித்தாள்.

அதற்கப்புறம் அந்த நாடகத்தைப் புதுச்சேரியில் கேட்டார்கள். கணவன் எழுந்து போகக் கூடாது, முடிவை மாற்றிவிட்டுத் தருகிறேன் என்றேன். “அப்புறம் யாரு சார் அழுவாங்க?” என்று கேட்டார் கணவனாக நடிப்பவர். இருந்தாலும் உட்கார்ந்தேன். பழைய நான்கு பக்கத்தை அடித்துவிட்டு, ‘கணவனுக்குக் கேட்கிறது. எழுதிக்கொண்டே இருக்கிறான்’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

“சிலிண்டரு தீந்துபோச்சு. காதுல விழுந்துச்சா?”

கோபமெல்லாம் இல்லை. அந்த நாடகத்துக்குப் பிறகு எதைச் சொன்னாலும் கடைசியில் அப்படிக் கேட்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

விழுந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.