நீல கேட் போட்ட வீடு

எங்கள் சலவைக் கடையில் என் அத்தானுக்குக் கறை அண்ணன் என்று பெயர். என் அக்காவின் கணவர். முன்பக்கம் நின்று துணி வாங்கிச் சீட்டு எழுதுவது நான். பின்பக்கம் நீராவிப் புகைக்கு நடுவில் கறை எடுப்பது அவர். கறை பட்ட சட்டை உள்ளே போனால் முதல் திட்டு எனக்குத்தான் விழும். "என்ன பட்டுச்சுன்னு கேட்டியா?" கேட்கவில்லை என்றால் சட்டையைத் தொட மாட்டார். ரத்தமா, மையா, எண்ணெயா என்று தெரியாமல் சுடுதண்ணீரை ஊற்றினால் ரத்தம் துணியோடு வெந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது என்பார். மோந்து பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மடிப்போரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். அந்தப் பொறுமையில் கால்வாசியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அவர் ஷட்டரை இறக்கும்போது பொறுமையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிற ஆள்.

அவருக்கு ஒரே மகள். படித்து முடித்த பிறகும் எங்களுக்கெல்லாம் அவள் பாப்பாதான். வெளியூரில் வேலை தேடிக்கொள்கிறேன் என்று கேட்டாள். "வயசுப் பொண்ணு தனியா தங்குறதா? அந்தப் பேச்சே இந்த வீட்டுல கூடாது" என்றார். அவளும் அவர் மகள்தானே, முறுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு இருவரும் அக்கா வழியாகத்தான் பேசினார்கள். "உன் பொண்ணுகிட்டச் சொல்லு" என்பார் இவர். "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லும்மா" என்பாள் அவள். மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அதை வைத்துச் சிரித்ததும் உண்டு.

ஒரு நாள் காலையில் பாப்பா வீட்டில் இல்லை. அவளுடைய பெரிய பையும் இல்லை. அக்காவின் போனில் ஒரு செய்தி இருந்தது: "என்னைத் தேடாதீங்க. நான் நல்லா இருப்பேன்." அவளைக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடந்தது.

அக்கா அவளுடைய சிநேகிதிகள் வீட்டுக்கெல்லாம் ஓடினாள். நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். அத்தான் மட்டும் வீட்டில் இருந்தார். அப்போதுதான் எங்கள் பெரியண்ணன் போன் செய்தார். "கம்ப்யூட்டரை யாரும் தொடாதீங்க மாப்பிள. மத்தியானம் வந்து நான் பாக்கறேன். யாரு, என்ன விஷயம்னு அதுலயே தெரிஞ்சுடும்." அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவர் காதில் விழுந்த சங்கதி ஊரைச் சுற்றாமல் வீடு திரும்பியதில்லை.

கூடத்து மூலையில், அக்கா தைத்த உறையைப் போர்த்திக்கொண்டு அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. அத்தான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே எவனோ ஒருவன் இருப்பான், கண்ட படமும் கண்ட பேச்சும் இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அண்ணன் வருவதற்குள் தெருமுனைக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

நடந்ததைப் பின்னால் மெக்கானிக்கே என்னிடம் சொன்னார்.

"என்னண்ணே அழிக்கணும்?"

"இதுல யாரு எதைத் தேடினாங்க, எதைப் பாத்தாங்கன்னு இருக்குமே. அத்தனையும்."

"சும்மா அழிச்சா திரும்ப எடுத்துடலாம். ஒரேயடியா போகணும்னா, அழிச்ச எடத்துல குப்பையை மேல மேல எழுதணும். அப்புறம் நானே நெனச்சாலும் எடுக்க முடியாது."

"அப்படியே செய்."

"என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துக்குங்களேன்."

"வேணாம். நீயும் பாக்காத."

மெக்கானிக் வாக்கு மாறாதவர். அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் அவரிடம் அது கிணற்றில் போட்ட கல். அன்று கல்லை வாங்கிப் பார்க்காமலே கிணற்றில் போட்டுவிட்டார்.

மத்தியானம் அண்ணன் வந்தார், உட்கார்ந்தார், தட்டினார். "சுத்தமா தொடச்சிருக்கா. பலே கைகாரிதான் உங்க பொண்ணு" என்றார். அழித்தது தான்தான் என்று அத்தான் சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் அவர் மேல் கோபம் வருகிறது. அந்தப் பழியாவது அவள் மேல் விழாமல் பார்த்திருக்கலாம்.

அண்ணன் கிளம்பிய பிறகு அக்கா திரும்பினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள்.

"இதைப் போடுங்க. போன வாரம் என்னைக் கூப்பிட்டு இதுல ஒரு வீடு காட்டினா. நீல கேட்டு. மாடியில ஒரு ரூமு. 'இப்படி ஒரு எடம் இருந்தா நல்லாருக்கும்லம்மா'ன்னா. நான் கையில பாத்திரத்தோட நின்னுட்டு, கேட்டு அழகா இருக்குடீன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். கீழ ஊரு, போன் நம்பரு எல்லாம் போட்டிருந்துச்சு. நான் படிக்கல. படத்தைப் பாத்தா சொல்லிடுவேன். அங்கதான் போயிருக்கா."

"நான் அழிச்சுட்டேன்" என்றார் அத்தான்.

"எதை?"

"எல்லாத்தையும்."

அக்கா அழவில்லை, கத்தவில்லை. "என்ன இருந்துச்சுன்னு பாக்காமலேயா?" என்று மட்டும் கேட்டாள். கடையில் தினமும் அவர் என்னைக் கேட்கிற கேள்விதான்.

மெக்கானிக்கை மறுபடி இழுத்து வந்தோம். விடிய விடிய முட்டி மோதிவிட்டு, "நீங்க சொன்னதத்தானே செஞ்சேன் அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டார். போலீஸில், வயது வந்த பெண், தானாகப் போயிருக்கிறாள், கம்ப்யூட்டரில் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். பாப்பாவின் போன் சில நாள் அணைந்து கிடந்தது. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது.

அன்றிலிருந்து அத்தானுக்கு இதுதான் வேலை. கடையை மூடிவிட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்வார். ஊர் ஊராக வாடகை அறை விளம்பரங்களைத் திறந்து நீல கேட்டைத் தேடுவார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கிடைத்தால், "இங்க வா, இதுவா பாரு" என்பார். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

"இல்லங்க. இது கருநீலம். அது வெளிர்."

"இது?"

"மேல வளைவு இருக்கும். பக்கத்துல தபால் பெட்டி தொங்கும். இதுல இல்ல."

முதலில் அவளுக்கு எல்லாம் அத்தனை தெளிவாக இருந்தது. பெட்டியின் மூடி உடைந்திருந்தது வரைக்கும் சொல்வாள். ஏதாவது ஒன்று ஒத்துப்போனால் அத்தான் உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டு, முகம் தெரியாத வீட்டுக்காரர்களிடம் மகளைப் பற்றி விசாரிப்பார். சிலர் பரிதாபப்பட்டார்கள், பலர் வைத்துவிட்டார்கள். கேட்டுக்குப் பெயிண்ட் மாற்றியிருப்பார்களோ என்று பிறகு பச்சை கேட்டையும் காட்டத் தொடங்கினார்.

இப்படியே வருஷங்கள் போய்விட்டன. பாப்பாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கடையில் இப்போது அவர் என்னைத் திட்டுவதில்லை. சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே முன்பக்கம் வந்து, "இதுல என்ன பட்டுச்சுங்க?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்கிறார். நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்க வேண்டாம் என்று சொல்லியும் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். "இங்க வா, சீக்கிரம் வா" என்று கூப்பிட்டார். அவர் குரலைக் கேட்டு நானும் எழுந்து போனேன். வெளிர் நீல கேட். மேலே வளைவு. பக்கத்தில் மூடி இல்லாத தபால் பெட்டி. மாடியில் ஒரு அறை.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இதுதானே?" என்றார் அத்தான். போன் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது.

"தெரியலங்க."

"நல்லா பாரு. வளைவு இருக்கு. பெட்டி இருக்கு."

"அதான் எனக்கும் புரியல. தெனம் தெனம் இத்தனை கேட்டைப் பாத்தாச்சு. கண்ணை மூடினா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வருது. அவ காட்டினது எதுன்னே இப்ப தெரியல. வளைவு நெஜமாவே இருந்துச்சா, நானா சொல்றேனான்னுகூடத் தெரியல." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். "எனக்கு மறந்துபோச்சுங்க."

அத்தான் போனைக் கீழே வைத்தார். மேல மேல எழுதினால் திரும்ப எடுக்க முடியாது என்று அன்று மெக்கானிக் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். எனக்கும் வந்தது.

"அதையும் நான்தான் அழிச்சுட்டேன்" என்றார்.

அக்கா இல்லை என்று சொல்லவில்லை.