பதினாலு படிக்குக் கீழே இருந்த வைஃபை

போன வாரம் மூலக்குளம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கம்ப்யூட்டர் டப்பா கைக்கு வந்தது. பின்னால் வயர்லெஸ் கார்டின் இரண்டு குட்டி ஆன்டெனாக்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றியிருந்த பழைய துணியில் அந்துருண்டை வாசனை. எனக்கு உடனே அப்பாவின் சட்டை ஞாபகம் வந்துவிட்டது.

அது அக்கா கல்யாணத்துக்கென்று தைத்த சட்டை. கல்யாணம் பிரான்ஸில். அப்பாவுக்கு விசா கிடைக்கவில்லை. மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், எதற்கும் அதிகம் பேசமாட்டார். "கம்ப்யூட்டர்ல பாத்துக்குறேன்" என்று மட்டும் சொன்னார். பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். எங்கள் வீட்டில் யாரிடமும் முகம் தெரிகிற போன் கிடையாது. பிரவுசிங் சென்டருக்குக் கூப்பிட்டால், "நான் அழுவுறத அங்க நாலு பேரு பாக்கணுமா?" என்றார்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர். பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், அவரும் ஒரு சொல்தா, முசே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பாரீஸிலிருந்து வைஃபை பெட்டியைக் கையோடு கொண்டுவந்து மாட்டியிருந்தார். பாஸ்வேர்டை அவரே எழுதிக் கொடுத்தார். எங்களுக்கும் அவருக்கும் நடுவே பதினாலு படிகள்தான்.

அப்போது நான் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவர் கொடுத்த சிடியிலிருந்து லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. வைரஸ் வராது என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். வயர்லெஸ் கார்டு வாங்கிச் சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு டிரைவர் என்ற மென்பொருள் வேண்டுமாம், டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறதாம். இன்டர்நெட் வருவதற்குத்தானே அய்யா கார்டே! பென் டிரைவோடு பிரவுசிங் சென்டருக்கு நடந்தேன். இறக்கிவந்து போட்டால், அதோடு இன்னொன்றும் வேண்டும் என்றது. அந்த இன்னொன்றுக்கு வேறொன்று. ஒரு வாரத்தில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை கார்டில் விளக்கு எரிந்தது. திரையில் வரிசையாகப் பெயர்கள். மருந்துக்கடை வைஃபை தெரிந்தது, எதிர்வீட்டு டியூஷன் சென்டர் தெரிந்தது, அடுத்த தெருக்காரர்கூடத் தெரிந்தார். கீழ்வீட்டுக்காரர் மட்டும் இல்லை. அவருடைய லாப்டாப்பில் ஜோராக வருகிறது. நான் ஆன்டெனாவைத் திருப்பினேன், மேசையை நகர்த்தினேன், கடைசியில் தரையில் குனிந்துகூடப் பார்த்தேன். ஏன் குனிந்தேன் என்று இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் சொல்தா படியேறி வந்தார். "நாளைக்குக் காரைக்கால் போறேம்மா. லாப்டாப்ப வச்சிட்டுப் போவட்டா?"

"வேணாம் முசே, எங்க கம்ப்யூட்டர்லயே வந்துடும்" என்றேன். என் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க.

சனிக்கிழமை நம்மூர் நேரம் மூன்று மணிக்கு அங்கே மாதா கோயிலில் கல்யாணம். சொல்தா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், எங்களுக்காகப் பெட்டியை மட்டும் அணைக்கவில்லை. அப்பா இரண்டரைக்கே புதுச் சட்டை, வேட்டியோடு திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் மறுபடியும் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். லினக்ஸ்காரர்கள் கூடும் இணையப் பக்கத்தில் முந்தின நாள் ராத்திரி ஒரு கேள்வி போட்டிருந்தேன். யாரோ ஒரு புண்ணியவான் பதில் எழுதியிருந்தார். பெட்டி எந்த நாட்டில் வாங்கியது, உன் கார்டு எந்த நாட்டில் இருப்பதாக நினைக்கிறது, பார்.

வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தேன். கார்டு தான் அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது! பிரான்ஸ் பெட்டி பதின்மூன்றாம் சேனல் என்ற அலைவரிசையில் பேசுகிறது. அமெரிக்காவில் அந்தச் சேனலை எடுப்பதில்லை. அதனால் இது காதைப் பொத்திக்கொண்டுவிட்டது. நாட்டின் பெயரை இரண்டெழுத்தில் மாற்றிவிட்டால் போதும்.

இங்கேதான் நான் ஒரு புதுச்சேரிக்காரியாகக் குழம்பினேன். பெட்டி பிரான்ஸ். சொந்தக்காரரின் பாஸ்போர்ட்டும் பிரான்ஸ். வீடு நெல்லித்தோப்பு. எந்த நாட்டைப் போடுவது? தப்பாகப் போட்டு வந்ததும் போய்விட்டால்?

"என்னம்மா?" என்றார் அப்பா.

"நாம எந்த நாடுன்னு கேக்குதுப்பா."

"அத இன்னுமா கேக்குறாங்க?" பிரெஞ்சுக்காரர்கள் போனபோது எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்ட கேள்வி அது.

பிரான்ஸ் என்று அடிக்கப் போய், அழித்து, திரும்ப யோசித்து, கடைசியில் இந்தியா போட்டேன். இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் வந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. கீழ்வீட்டுப் பெயர் திரையில் வந்தபோது மணி நாலேகால்.

வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே அக்காவின் தோழி லாப்டாப்பைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கோயிலில் பாதி நாற்காலிகள் காலி. அக்கா முக்காட்டை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"முடிஞ்சிடுச்சிப்பா... இவ்ளோ நேரம் காத்துக்கிட்டிருந்தோம்..."

"அத வுடு. கிட்ட வா. மொகத்தக் காட்டு."

அவள் காட்டினாள். அப்பா மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். நாலைந்து நிமிடத்தில் லைன் அறுந்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டையை மடித்துப் பழையபடி அந்துருண்டையோடு வைத்தார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் அப்பா போய்விட்டார். சொல்தாவும் இல்லை. அந்த வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். பரணிலிருந்து இறக்கிய டப்பாவுக்கு ஒரு ஆசையில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். முக்கி முனகி எழுந்து, கீழ்வீட்டு வைஃபையைத்தான் தேடியது.

இப்போது அக்கா தினமும் வீடியோவில் வருகிறாள். கேட்காமலே எல்லாம் இணைந்துகொள்கிறது. நான் போனை உப்பு டப்பாவில் சாய்த்துவிட்டு வெங்காயம் நறுக்கியபடி ம், ம் என்பேன். அவளும் அங்கே துணி மடித்துக்கொண்டிருப்பாள். போன ஞாயிறு அவள் தலைமுடி பாதி நரைத்திருப்பதை என் பெண் சொல்லித்தான் கவனித்தேன். கிட்ட வா, முகத்தைக் காட்டு என்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆள் இல்லை.