மஞ்சள் வைத்த காவலன்

போன வாரம் ஜொகூர் பாருவிலிருந்து என் பெயர் போட்டு ஒரு தபால் உறை நான் வேலை செய்யும் கடைக்கு வந்தது. எனக்குத் தபால் எழுதுகிறவர்கள் யாரும் இல்லை. அதனால் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஓர் அட்டை இருந்தது. ஈட்டி இல்லாமல், கேடயம் இல்லாமல், இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி ஒரு மனிதன் நீரூற்றின் முன்னால் நிற்கும் படம். இடது மூலையில் பலம் பூஜ்யம் என்றும் வலது மூலையில் உயிர் ஒன்பது என்றும் போட்டிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் எழுத்து எதுவும் இல்லை. அட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் மூலைகளைப் பார்த்தேன். ஒரு காலத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் இருந்தது. நான் வைத்த மஞ்சள். இப்போது தேடிப் பார்த்தாலும் தெரியவில்லை.

நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன். கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வந்து, கட்டிங் மெஷின் முன்னால் நின்றால், சாயங்காலம் வரை யாரோடும் பேசாமல் வேலை செய்யலாம். அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எங்களிடம் அதிகம் வருவது கல்யாணப் பத்திரிகைதான். ஒவ்வொரு கட்டு வெட்டி முடித்ததும் முதல் பத்திரிகையை எடுத்து, நான்கு மூலையிலும் ஈர மஞ்சள் தொட்டு, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அது முதலாளி வைத்த வழக்கம். வெட்டுகிறவன் கையாலேயே அதைச் செய்ய வேண்டும் என்பார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மஞ்சளில் நனைத்து மூலையைப் பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பல வருடங்களாகச் செய்து என் இரண்டு விரல்களுக்கும் அந்த நிறம் ஊறிப்போயிருந்தது.

அந்தக் கடைக்கு வடிவமைப்பு வேலைக்கு வந்தவர்தான் அக்கா. என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனால் கடையில் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை அண்ணே என்பார். ரவாங்கிலிருந்து வருவார். மதிய இடைவேளையில் மற்றவர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போய்விட, மாடியில் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் நாங்கள் இருவர் மட்டும் வீட்டுச் சாப்பாட்டைப் பிரிப்போம். ஒரு நாள் அவர் தன் பையிலிருந்து கையால் வரைந்த அட்டைகளை எடுத்துப் பரப்பினார்.

"அண்ணே, வாங்க லா. ஒரு ஆட்டம் மட்டும். வீட்டுல யாரும் ஒக்கார மாட்டேங்கிறாங்க."

"எனக்குச் சீட்டு தெரியாதுக்கா."

"இது எனக்கும் தெரியாது. இப்பத்தானே உண்டாக்கிக்கிட்டு இருக்கேன்."

அப்படித்தான் தொடங்கியது. தண்ணீர் வற்றிப்போன ஒரு நாடு. அதில் மிஞ்சியிருப்பது ஐந்து ஊற்றுகள். ஆடுகிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு இருபது அட்டை. அவற்றில் புகையால் ஆன யானை உண்டு. இருவாட்சிப் பறவை மேல் ஏறி வரும் பெண் உண்டு. ஈயச் சுரங்கத்திலிருந்து எழுந்து வரும் பூதம் உண்டு. அட்டைகளை ஊற்றுகளின் அருகில் கவிழ்த்து வைக்க வேண்டும். எந்த ஊற்றில் யார் காத்திருக்கிறார்கள் என்று எதிராளி ஊகித்துத் தாக்க வேண்டும். மூன்று ஊற்றைப் பிடித்தவர் ஜெயித்தார். இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் இந்த எளிய ஆட்டத்துக்காக அக்கா இரண்டு வருடம் உழைத்தார். முதலாளி படியேறி வந்து பார்த்துவிட்டு, "என்னா, ரெண்டு பேரும் மேல சூதாடுறீங்களா? போலீஸ் வந்தா நான் ஜாமீன் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

ஒரு பாத்திரத்தை எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். படம் வரைவதோ எண் போடுவதோ அக்காவுக்குக் கடைசி வேலை. முதலில் கேள்வி கேட்பார். இது எதைக் கண்டால் பயப்படும், எதை மறந்துவிடும், இதற்கு என்ன வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் அந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்பார். அந்தப் பதிலை ஒரே வரியில் அட்டையின் அடியில் உள்ள கோட்டின் மேல் எழுதிவிடுவார். புகை யானைக்கு மழை வேண்டும். சுரங்கப் பூதத்துக்குத் தன்னைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட வேண்டும்.

ஒரு நாள் பேசாத காவலன் ஒருவனைப் பற்றி என்னிடம் கேட்க ஆரம்பித்தார். "இவன் ஏன் பேச மாட்டேங்கிறான், அண்ணே?" நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். பிறகு, அவனுக்குப் பேசத் தெரியும், ஒரு முறை பேசியபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அக்கா மேலே கேட்கவில்லை. நான்தான் தொடர்ந்து சொன்னேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் முடித்து, மலாய் இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம் உட்காரவைக்கிற புகுமுக வகுப்புக்குப் போனதையும், மலாய்ப் பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது இரண்டு வரி தாண்டாமல் வகுப்பே சிரித்ததையும், மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடமே போகாததையும் சொன்னேன். எல்லாவற்றையும் 'அவன்' என்றுதான் சொன்னேன். வீட்டில் கூட யாருக்கும் தெரியாத விஷயம் அது. அக்கா எழுதிக்கொள்ளாமல் கேட்டார்.

அடுத்த வாரம் அட்டையைக் கொண்டுவந்தார். அந்தக் காவலனுக்கு என் தாடை. பலம் என்ற இடத்தில் பூஜ்யம். விதி இப்படி இருந்தது: இவன் யாரையும் தாக்க மாட்டான். வைத்த இடத்திலிருந்து நகர மாட்டான். இவன் நிற்கும் ஊற்றைத் தனியாக வந்து யாராலும் பிடிக்க முடியாது. மூன்று பேர் சேர்ந்து வர வேண்டும். நான் விதியைப் படிக்கவில்லை. பூஜ்யத்தை மட்டும் பார்த்தேன். அதன் பிறகு மூன்று நாள் மாடிக்குப் போகாமல் தெருமுனைக் கடையில் நின்றபடியே சாப்பிட்டேன். நான்காம் நாள் அக்கா மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவமாண்ணே?"

"அதெல்லாம் இல்லக்கா."

"ஜீரோன்னா ஒன்னும் இல்லாதவன்னு அர்த்தமா? அடிக்கத் தெரியாது, அவ்ளோதான். உயிரு ஒம்பது குடுத்திருக்கேன் பாருங்க. யானைக்கே ஆறுதான்."

மாடிக்குத் திரும்பினேன். ஆனால் அவனுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எத்தனையோ மதியம் கேட்டுப் பார்த்தார். கடைசியில், "சரி, காலியா இருக்கட்டும். அண்ணே சொல்றப்ப எழுதிக்கலாம்" என்று விட்டுவிட்டார். மற்ற முப்பத்தொன்பது அட்டைக்கும் வரி இருந்தது. இவனுக்கு மட்டும் வெறும் கோடு.

பெட்டாலிங் ஜெயாவில் இப்படிப்பட்ட ஆட்டங்களை விற்கிற, ஒன்றிரண்டைத் தானே வெளியிடவும் செய்கிற ஒரு கடை இருந்தது. அதன் உரிமையாளர் ஒரு சீனர். சனிக்கிழமை மத்தியானம் ஆட்டத்தைக் கொண்டுவந்து ஆடிக் காட்டச் சொல்லியிருந்தார். ஆடிக் காட்ட இரண்டு பேர் வேண்டும். ஆட்டம் தெரிந்த இரண்டாவது ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். அதனால் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அக்கா நல்ல தாளில் ஒரே ஒரு கட்டு அச்சடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை நான் ஒவ்வொரு அட்டையாக வெட்டினேன். கல்யாணப் பத்திரிகைக்குக் கூட அவ்வளவு கவனமாக நான் பிளேடு இறக்கியதில்லை. வெட்டி முடித்ததும் மனம் நிறைந்திருந்தது. இரண்டு வருட உழைப்பு, நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நினைத்தேன். மேலாக இருந்த காவலனை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டேன். காய்ந்ததும் கட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து மூடினேன். கவிழ்த்து ஆடுகிற ஆட்டத்தில் ஓர் அட்டைக்கு மட்டும் முதுகில் அடையாளம் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கடையின் மேசையில்தான் அக்கா பெட்டியைத் திறந்தார். உரிமையாளர் விதிகளைக் கேட்டு, அட்டைகளைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவற்றைக் கலைக்கும்போதே அக்கா மஞ்சளைப் பார்த்துவிட்டார். அவர் கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார், பிறகு பங்கு போட்டார். காவலன் என் பக்கம் வந்தான். நான் அவனை நடு ஊற்றில் கவிழ்த்து வைத்தேன். உரிமையாளர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்தார். அவர் பேசியது மலாயில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "பாஸ், இந்தக் கார்டுல மஞ்சளா இருக்கு லா. யாருன்னு எனக்கே தெரியுது. இத வச்சு எப்படி ஆடுறது?"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. புகுமுக வகுப்பில் அப்படித்தான் செய்தேன். ஆனால் இது என் பாடப்புத்தகம் இல்லை, அக்காவுடைய இரண்டு வருடம். பாசாரில் மீன் வாங்கப் பேசுகிற மலாய்தான் எனக்குத் தெரியும். அதிலேயே சொன்னேன். அது நான் வைத்தது, அவர்மேல் தப்பில்லை, எங்கள் வழக்கத்தில் நல்ல காரியத்துக்கு முதல் அட்டையில் இப்படி வைப்போம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மேசையில் நடு ஊற்றருகே கிடந்த காவலனைப் பார்த்தேன். எப்போதும் அவனை ஒளித்து வைத்தே ஆடியிருக்கிறேன். முதல் முறையாக அவன் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நின்றுகொண்டிருந்தான். திக்கித் திக்கி மேலும் சொன்னேன். "இவன் இங்கதான் நிக்கிறான், தெரியுதில்ல? தெரிஞ்சா இந்தப் பக்கம் நீங்க வர மாட்டீங்க. நீங்க எங்க வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சா, எங்க வருவீங்கன்னும் எனக்குத் தெரியும்."

உரிமையாளர் சிரிக்கவில்லை. அக்காவை எழுந்திருக்கச் சொல்லி அவர் இடத்தில் உட்கார்ந்தார். நடு ஊற்றை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்த இரண்டு ஊற்றுகளைத் தாக்கினார். யானையும் பூதமும் அங்கேதான் காத்திருந்தன. இரண்டாவது ஆட்டத்தில் நடு ஊற்றுக்கே மூன்று பேரைத் திரட்டி வந்தார். அதற்குள் மற்ற ஊற்றுகள் காலியாகி என்னிடம் வந்துவிட்டன. மூன்றாவது ஆட்டத்தில்தான் ஜெயித்தார். ஜெயித்ததும் காவலனை எடுத்து முகர்ந்து பார்த்தார். "குன்யிட்" என்றார். மலாயில் அதுதான் மஞ்சள்.

ஆனாலும் அவர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நேரம் அதிகம் பிடிக்கிறது, பெயர்கள் மற்றவர்கள் வாயில் நுழையாது என்றார். எதை மாற்றினாலும் மஞ்சள் மனிதனை மட்டும் மாற்றாதீர்கள் என்றும் சொன்னார். திரும்பும் ரயிலில் நான், "என்னாலதான்க்கா" என்றேன்.

"அட, சும்மா இருங்கண்ணே. மஞ்சள் இல்லன்னா ஒரே ஆட்டத்துல எழுந்து போயிருப்பான். மஞ்சளாலதான் மூணு ஆட்டம் ஒக்காந்தான்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம்னு சொன்னவன்கூட ஒங்க ஆள விட மாட்டேங்கிறான் பாருங்க!" சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

அதன் பிறகு அக்கா எங்கள் கடையிலேயே நாற்பது கட்டு அச்சடித்தார். ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மட்டும் சேர்த்தார்: காவலன் மறைந்து நிற்க மாட்டான், மஞ்சள்தான் அவன் அடையாளம். நாற்பது காவலர்களுக்கும் நானே மஞ்சள் வைத்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, நாப்பது மாப்பிள்ளையா?" என்றார். கட்டுகள் தெரிந்தவர்கள் கைக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. கல்யாணமாகி அக்கா ஜொகூருக்குப் போனார். மாடியில் இப்போது நான் தனியாகச் சாப்பிடுகிறேன். பக்கத்தில் புதிதாக வந்த பையன்கள் கைப்பேசியில் ஏதோ ஆட்டம் ஆடுகிறார்கள். சில நாள் எட்டிப் பார்த்து, அது யார், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன். "ஒன்னும் வேணாம் அங்கிள், அடிக்கும்" என்கிறார்கள்.

உறைக்குள் அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. 'அண்ணே, மஞ்சள் போய்விட்டது. என் மகள் இவனை ஒளித்து வைத்துத் தினமும் என்னை ஜெயிக்கிறாள். கேட்டால் அடையாளம் எங்கே என்கிறாள். திரும்ப வைத்து அனுப்புங்கள்.'

இன்று காலை முதல் கட்டை வெட்டியதும் சாமி படத்தின் முன்னால் அட்டையை வைத்தேன். மஞ்சள் தொடுவதற்கு முன்னால் அந்தக் காலிக் கோடு கண்ணில் பட்டது. அக்கா கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. பேனாவை எடுத்து, ஆறாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்தில், 'இங்கே நிற்கிறேன் என்று தெரிந்தால் போதும்' என்று எழுதினேன். கோட்டுக்குள் அடங்காமல் கடைசி வார்த்தை கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. பிறகு இரண்டு விரல்களையும் மஞ்சளில் நனைத்து மூலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தேன். முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன். காய்ந்ததும் தபாலில் சேர்க்க வேண்டும். இனி அந்தப் பிள்ளை அவனை ஒளித்து வைக்க முடியாது.