உட்கார்ந்திருப்பது யார்?

புரோகிராம் எழுதுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: வேலை ஒழுங்காக நடந்தால் பாராட்டு மெஷினுக்கு, நடக்காவிட்டால் வசவு நமக்கு. இதைப் படித்ததும் தலையாட்டுகிறவர்கள் எல்லாரும் எனக்கு உறவு, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எனக்கு வேலை. நடுவில் ஒரு யுனிக்ஸ் மெஷின், அதிலிருந்து ஒயர் இழுத்து, திரையும் விசைப்பலகையுமாக ஆறு டெர்மினல், ஆறு நாற்காலி. மெட்ராஸிலிருந்து மூட்டை மூட்டையாக நெசவாளர் விண்ணப்பங்கள் வரும். அவற்றில் இருக்கும் பெயர், ஊர், தறி விவரம் எல்லாவற்றையும் ஆறு ஆபரேட்டர்கள் டைப் அடித்து மெஷினில் ஏற்றுவார்கள். புரோகிராம் எழுத நான் ஒருத்தி. முதல் நாளே ஓனர் சொக்கலிங்கம் எனக்குப் போட்ட கட்டளை ஒன்றுதான். ஒவ்வொரு விண்ணப்பத்தின் கீழும் அதை ஏற்றினது யார் என்று பெயர் விழ வேண்டும். தப்பு வந்தால் ஆளைப் பிடிக்க வேண்டுமாம்.

ஆறு நாற்காலி

இதில் என்ன பிரமாதம் என்று நினைத்து, "உங்கள் பெயர்?" என்று திரையில் கேட்டு, அடிப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டேன். அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் பாத்திமா காலையில் தன் பெயரை எஃப் போட்டு ஆரம்பிப்பாள், மத்தியானம் பி போட்டு ஆரம்பிப்பாள். நடுவில் ஒரு எச் சில நாள் விழும், சில நாள் விழாது. அம்மையார்குப்பத்துக் கஸ்தூரிக்கு இன்னும் வெள்ளை மனசு. மெஷின் வழியாக நானே கேட்கிறேன் என்று நினைத்து, "நான்தான்க்கா" என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள்.

வாரக் கடைசியில் யார் யார் எத்தனை விண்ணப்பம் ஏற்றினார்கள் என்று லிஸ்ட் எடுத்து ஓனரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிறகு எட்டி ஹாலைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் ஆறு பேருக்குத்தான் சேர் வாங்கிப் போட்டேன். இதுல பதினோரு பேர் இருக்காங்களே, மிச்சப் பேர் நின்னுகினா டைப் அடிக்கிறாங்க?"

எட்டு எழுத்து

ஆளைக் கேட்டால் ஆகாது, மெஷினையே கேட்போம் என்று மானுவலைப் புரட்டினேன். சி மொழியின் லைப்ரரியில் யாரோ முன்பே எழுதி வைத்த ஃபங்ஷன், அதாவது குட்டிப் புரோகிராம், ஒன்று இருந்தது. கெட்லாகின் என்று பெயர். ஆபரேட்டர் காலையில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே வரும்போது, எந்த டெர்மினலில் எந்தப் பெயர் என்று மெஷின் ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அந்தக் குறிப்பைப் பார்த்துப் பெயரை எடுத்துக் கொடுத்துவிடும். ஒரே வரி. யாரும் எதையும் அடிக்க வேண்டாம். அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது.

ஆனால் குறித்துக்கொள்ளும் அந்த ஃபைலில் பெயருக்கு எட்டு எழுத்துத்தான் இடம். எங்களிடம் வெங்கடேசன் என்று ஒருவர், வெங்கடேசலு என்று ஒருவர். இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் முதல் எட்டு எழுத்து ஒன்றுதான். வெங்கடேசன் ஒரு நாளில் நூறு விண்ணப்பம் ஏற்றுவார், தப்பே இருக்காது. வெங்கடேசலு நாற்பது ஏற்றுவார், அதில் பத்து திரும்பி வரும். லிஸ்டில் இரண்டு பேரும் ஒரே ஆளாகிவிட, எந்தத் தப்பு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயரை மாற்றித் தருகிறேன் என்று நான் இரண்டு பேரையும் கூப்பிட்டேன். வெங்கடேசன் உடனே சரி என்றார். வெங்கடேசலுவின் அக்காவைத்தான் வெங்கடேசன் கட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எதுக்கு மேடம் மாத்திக்கினு? எல்லாத் தப்பும் பாவா பேர்லயே இருக்கட்டும், சொந்தம்தானே, தாங்கிப்பாரு" என்றார் வெங்கடேசலு.

நல்லு

முந்தின நாள் வேலையின் லிஸ்ட் விடிகாலை ஐந்து மணிக்குத் தானாக அச்சாக வேண்டும் என்று ஓனர் ஆசைப்பட்டார். மெஷினிடம் நேரம் சொல்லி வைத்தால் அதுவே அந்த வேலையைச் செய்யும். அதையும் ஏற்பாடு செய்தேன். லிஸ்டின் தலைப்பில் "தயாரித்தவர்" என்ற இடத்தில் வழக்கமான அந்த ஒரு வரியைப் போட்டேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். மெஷின் தானாகச் செய்யும் வேலைக்கு டெர்மினல் கிடையாது. டெர்மினல் இல்லாவிட்டால் யார் என்ற குறிப்பும் கிடையாது. லைப்ரரி பாவம், கையை விரித்துவிடும். பெயர் கிடைத்ததா என்று சோதிக்காமல் நான் அச்சடிக்கச் சொன்னதால், தயாரித்தவர் என்ற இடத்தில் என், யூ, எல், எல் என்று நான்கு எழுத்து விழுந்திருந்தது. ஒன்றுமில்லை என்று அதற்கு அர்த்தம். மலைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஓனர் அதை எழுத்துக்கூட்டி "நல்லு" என்று படித்துவிட்டார். ஒன்பது மணிக்கு நாங்கள் படியேறி வரும்போது லிஸ்டும் கையுமாக வாசலில் நின்றார்.

"புதுசா சேந்த இந்த நல்லுவைப் பாத்துக் கத்துக்குங்க. அஞ்சு மணிக்கே வந்து வேலைய முடிச்சிட்டுப் போய்ட்டான். நீங்க இப்பத்தான் ஆடி அசைஞ்சி வந்துகினு இருக்கீங்க!"

கிருத்திகைக்கு வராதவள்

இனி சொல்லப் போவதில் சிரிப்பு குறைவு. ஒரு நாள் மெட்ராஸிலிருந்து ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது. ஒவ்வொரு நெசவாளருக்கும் அவருக்கு முன்னால் இருந்தவருடைய ஊர் விழுந்திருந்தது. கட்டு முழுக்க ஒரே தப்பு. கீழே ஏற்றியவர் பெயர்: கஸ்தூரி.

கஸ்தூரி தன் வீட்டில் தறியை விட்டு வெளியே வந்த முதல் பெண். அவள் நைனா மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வேலை போனால் அடுத்த நாளே திரும்பத் தறிதான். ஓனர் அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் லிஸ்டை வாங்கி அதில் இருந்த தேதியைப் படித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "அக்கா, இது ஆடிக் கிருத்திகைத் தேதி. அன்னிக்கு காவடிக் கூட்டத்துல பஸ்ஸே வரல, நான் வேலைக்கே வரலக்கா." ஓனர் என்னைப் பார்த்தார். "மெஷின் பொய் சொல்லாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

ஆமாம், நான்தான் சொன்னேன். அரை மணி நேரம் கொடுங்கள் என்று உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்ற பதிவுகளைத் தேடினேன். கஸ்தூரி உள்ளே வந்தது கிருத்திகைக்கு முந்தின நாள் காலை. வெளியே போனது கிருத்திகைக்கு அடுத்த நாள் சாயங்காலம். புரிந்துவிட்டது. முந்தின நாள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவள் லாகவுட் பண்ணாமலே ஓடியிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் ராத்திரி கரன்ட் போய் அந்தப் பெயர் தானே அழிந்திருக்கும். திருவிழா என்று மூன்று நாளும் கரன்ட் போகவே இல்லை. கிருத்திகையன்று வேறு யாரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார்கள். லைப்ரரிக்குத் தெரிந்தது உள்ளே வந்த பெயர்தான். உட்கார்ந்திருக்கும் முகம் அதற்குத் தெரியாது. "பாதித் தப்பு என்னுது சார். ஆள் எழுந்து போனா மெஷின் தானா மூடிக்கணும்னு நான் எழுதியிருக்கணும்" என்றேன்.

உட்கார்ந்தது யார் என்று நான் கேட்பதற்கு முன்பே பாத்திமா எழுந்து நின்றாள். "நான்தான் சார். என் டெர்மினல்ல எழுத்து ஆடிக்கினு இருந்துச்சு, அதான் கஸ்தூரி எடத்துல ஒக்காந்தேன். லிஸ்ட்ல என் பேரு இல்ல, வேற யாரோ செஞ்சதுன்னு நெனச்சிகினு இருந்தேன். தேதி சொன்னப்பறந்தான் தெரிஞ்சுது." அவள் தலையைக் குனியவில்லை. கஸ்தூரி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓனர் லிஸ்டை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி, ரெண்டு பேரும் சேந்து ஒக்காந்து அந்தக் கட்டைத் திருத்துங்க. ஏம்மா, செருப்பு மாட்றதுக்கு முன்னாடி லாகவுட் பண்ணணும்னு கதவுல பெருசா எழுதி ஒட்டு. மொதல்ல என் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒட்டு."

கஸ்தூரியின் ஆறு வரி

அதற்குப் பிறகு கஸ்தூரிக்கு மெஷின்மேல் முதலில் கோபம், அப்புறம் ஆர்வம். "அது எப்டிக்கா என் பேரை எடுக்குது?" என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்பாள். மானுவலைக் கொடுத்தேன். ஒரு மாதத்தில், உள்ளே வந்தவரின் பெயரைத் திரையில் காட்டும் ஒரு புரோகிராமை ஆறு வரியில் எழுதினாள். நான் கோட்டை விட்ட மாதிரி அவள் விடவில்லை. பெயர் கிடைத்ததா என்று சோதித்துவிட்டுத்தான் காட்ட வைத்தாள். பத்து நிமிஷம் விசை தட்டாதவர்களை வெளியே அனுப்பும் புரோகிராமையும் கடைசியில் அவளே எழுதி முடித்தாள். அதில் முதலில் வெளியே தள்ளப்பட்டது டீ குடிக்கப் போன நான்.

மூன்று மாதம் முடிகிற வாரம், நூல் வாங்கத் திருத்தணிக்கு வந்த அவள் நைனா படியேறி வந்தார். மகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்து, தன் ஆறு வரியை ஓடவிட்டாள். திரையில் அவள் பெயர் வந்தது. அவருக்குத் தெலுங்கு எழுத்துத்தான் தெரியும் என்பதால், ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் படித்துக் காட்டினாள். அவர் முண்டாசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

"ஒங்க அக்கா கல்யாணப் பத்திரிகைல கூட பிரஸ்காரன் ஒன் பேரைக் கத்தூரின்னு அடிச்சிட்டான். இந்தப் பொட்டி கேட்டதும் சரியா சொல்லுதே... ஆங், சரி, நீ இங்கயே இரு."

அந்த மாடியில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளில் எங்கள் எல்லாருக்கும் உருப்படியாக உதவியது, யார் என்று கேட்கும் அந்த ஒரு வரிதான். அதற்குப் பின்னால் இருக்கும் ஃபங்ஷனை எழுதி லைப்ரரியில் வைத்துவிட்டுப் போன மகராசன் யார் என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.