இரண்டு பெட்டிகளும் ஒரு மிக்ஸியும்

பெட்டிகள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும்வரை எங்கள் தொழில் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. பேச்சு நின்ற அடுத்த நிமிஷம் எல்லோரிடமும் எங்கள் போன் நம்பர் இருக்கும்.

உங்கள் வீட்டு இன்டர்நெட் ஊர்விட்டு ஊர் போகும் வழியில் எத்தனையோ பெட்டிகள் உண்டு. ஒன்றுக்கொன்று எப்படி வணக்கம் சொல்ல வேண்டும், எப்போது பதில் தர வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது. எங்கள் கம்பெனிப் பெட்டி அந்தப் புத்தகப்படி நடக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எனக்கு வேலை. நான் காலேஜ் வாசலை மிதித்தவனில்லை. சாலை என்கிற கடைத்தெருவில் அப்பாவின் இரும்புக்கடைக்கு அடுத்த பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களைப் படித்தே உள்ளே வந்துவிட்டேன். பெட்டிகளோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

மூன்றே சொற்கள்

விதிப் புத்தகத்தில் முக்கியமான சொற்கள் மூன்றுதான். ‘வேண்டும்’ என்றால் செய்தே தீர வேண்டும். ‘நல்லது’ என்றால், தக்க காரணம் இருந்தால் விட்டுவிடலாம். ‘செய்யலாம்’ என்றால் அவரவர் இஷ்டம். பல வருஷம் இதையே படித்தால் மனிதனின் காது கெட்டுப்போகும்.

ஒருநாள் என் மனைவி சிவகாமி போனில், “வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வந்தா நல்லது” என்றாள். அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதைவிடத் தக்க காரணம் உண்டா? நடுவில் இறங்காமல், கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்து, புத்தகத்தின் விளக்கத்தையும் அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் சொல்றது எல்லாமே ‘வேண்டும்’தான். உங்க புஸ்தகத்துல குறிச்சு வச்சுக்கோங்க.”

நல்ல குடும்பத்துப் பெட்டிகள்

கொச்சியில் ஒரு வாடிக்கையாளர் ஒரு முனையில் எங்கள் பெட்டியும் மறுமுனையில் வேறு கம்பெனிப் பெட்டியும் வைத்திருந்தார். ஒருநாள் காலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. இரண்டு பெட்டியிலும் எல்லா விளக்கும் பச்சை. ஆனால் ஒரு வார்த்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகவில்லை. ‘புதிதாக எழுந்த பெட்டி, எதிரே இருப்பவரின் வணக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும்’ என்பது விதி. இரண்டும் ஒரே நொடியில் எழுந்தன. இரண்டும் மரியாதையாகக் காத்திருந்தன, மத்தியானச் சாப்பாடு வரை. “ரெண்டும் நல்ல தறவாட்டுப் பெட்டிகள் சாரே, ஆரும் முதல்ல வாய் திறக்க மாட்டேங்குது” என்றார் வாடிக்கையாளர்.

நான் சோதித்தபோதெல்லாம் ஒரு பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் போட்டேன். இரண்டையும் ஒன்றாக எழுப்பிப் பார்க்கத் தோன்றவே இல்லை. ‘பாஸ்’ என்று எழுதி அடியில் கையெழுத்தும் போட்டிருந்தேன். தப்பு விதிப் புத்தகத்தில் என்று அதை எழுதுகிறவர்கள் ஒப்புக்கொண்டு திருத்தினால் பிழைத்தேன். இல்லாவிட்டால் தப்பு என் கையெழுத்தில். எங்கள் தலைவி ஷைலஜா மேடம் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கையெழுத்துப் போட்ட ஆள் எந்த காலேஜ்னு மேலே கேக்கறாங்க.”

ஒண்ணு, ரெண்டு, மூணு

முதலில் கொச்சியில் நடந்ததை எங்கள் லேபில் நடத்திக் காட்ட வேண்டும். லேபின் இந்த மூலையில் ஒரு பெட்டி, அந்த மூலையில் ஒரு பெட்டி. இங்கே நான், அங்கே என் கூட வேலை பார்க்கும் பிஜு. சாலைக் கடைத்தெருத் தமிழர்கள் எல்லோரும் அவனுக்கு அண்ணாச்சிதான், நானும். “மூணு எண்ணும்போ அமுக்கணும், அண்ணாச்சி” என்றான். எண்ணினோம். அவன் ‘மூணு’ என்கிறபோதே அமுக்கினான். நான் ‘மூணு’ சொல்லி முடித்து அமுக்கினேன். ஒரு நொடி முந்திய பெட்டி பிந்தியதற்கு வணக்கம் சொல்லி, இரண்டும் குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டன.

சரி, அவன் முறைக்கு மாறுவோம் என்று நான் மாறினேன். அதே சமயம், என் முறைக்கு மாறுவோம் என்று அவனும் மாறிவிட்டான். மறுபடி அவன் மாறினான், நானும் மாறினேன். சிரிப்பு தாங்காமல் பிஜு தரையில் உட்கார்ந்துவிட்டான். கதவருகே நின்று வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஷைலஜா மேடம், ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்து வந்து, இரண்டு வயரையும் அதில் செருகி, ஒற்றை சுவிட்சைத் தட்டினார். இரண்டு பெட்டியும் ஒன்றாக எழுந்து, ஊமையாக நின்றன.

“விதி பெட்டிக்கு அப்புறம் எழுதலாம், முதல்ல உங்க ரெண்டு பேருக்கும் எழுதணும்.”

மூன்று நாள் மௌனம்

வியாதி தெரிந்துவிட்டது, மருந்து தெரியவில்லை. அந்த வாரம் பார்த்து வீட்டிலும் சண்டை. என்ன சண்டை என்பது மறந்துவிட்டது, மூன்று நாள் இருவரும் பேசவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. விளக்கு எல்லாம் பச்சைதான்: காபி வந்தது, சோறு வந்தது, சட்டை இஸ்திரியாகி வந்தது. வார்த்தைதான் வரவில்லை. அவள் பேசட்டும் என்று நான், நான் பேசட்டும் என்று அவள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் டம்ளரை ‘ணங்’கென்று வைத்துவிட்டு அவளே தீர்ப்புச் சொன்னாள். நான் காபியைக் குடிக்காமல் பேனாவைத் தேடினேன். பெட்டிக்குப் பெட்டி ஒரு எண் உண்டு. எதிர்ப்பெட்டியின் எண்ணும் அதற்குத் தெரியும். ‘பத்து வினாடி யாரும் பேசாவிட்டால், எண்ணில் பெரியவர் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.’ ஒரே வரி. அவள் சொன்னது இதுதான்:

“இனிமே ரெண்டு பேரும் வாயைத் திறக்கலேன்னா, வயசுல மூத்தவங்கதான் முதல்ல பேசணும், கேட்டீங்களா?”

முனகல்

விதி எழுதும் கூட்டத்தில் ஓட்டு கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. வேண்டுமென்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும்; பிறகு வேண்டாமென்கிறவர்கள். எந்த முனகல் பலமோ அது ஜெயிக்கும். சத்தியமாக இப்படித்தான் உலகத்தின் இன்டர்நெட் ஓடுகிறது! நான் வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வழியாகக் கலந்துகொண்டேன். தலைவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்த ஒரு அம்மையார். என் வரியைப் படித்துவிட்டு, வேண்டுமென்கிறவர்களை முனகச் சொன்னார். பயத்தில் என் தொண்டையிலிருந்து கொசுச் சத்தம்தான் வந்தது. மற்றவர்களும் ஏனோதானோ. அதே நொடியில் சமையலறையில் சிவகாமி தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டாள்.

“திருவனந்தபுரத்தின் ஆதரவு அபாரம்” என்று அசந்துபோனார் அம்மையார். கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பிஜு, ‘அண்ணாச்சி, மிண்டவே கூடாது!’ என்று செய்தி அனுப்பினான். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு ஆயுள் பழக்கம்; வேலையும் தப்பிக்கும். ஆனால் சோதிக்காததற்குப் ‘பாஸ்’ போட்டதுதானே இத்தனைக்கும் காரணம்? இன்னொரு தரமா? வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல் நானே பேசினேன்: “மன்னிக்க வேண்டும். அது நானில்லை, சட்னி.”

 எல்லா மைக்கும் திறந்து ஒரே சிரிப்பு. மறுபடி முனகச் சொன்னார். இந்தத் தடவை, இதே ஊமைப் பெட்டிகளால் அவதிப்பட்டு அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் முனகினார்கள் பாருங்கள், என் மேஜையே அதிர்ந்தது. எதிர்த்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் சிரிப்பில் முனகல் சரியாக வரவில்லை.

“வரி ஏற்கப்பட்டது, சட்னியின் ஆதரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை.”

கடைசிப் பக்கம்

விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், யோசனை சொன்னவர்களுக்கு நன்றி என்று பெயர் போடுவார்கள். என் பெயரைக் கேட்டபோது, வரிக்குச் சொந்தக்காரி வேறு ஆள் என்று உண்மையைச் சொல்லி அவள் பெயரைக் கொடுத்தேன். புது வரியை ஏற்றி, எக்ஸ்டென்ஷன் போர்டில் இரண்டு பெட்டியையும் வைத்துத் தட்டினோம், பத்து வினாடி, பெரியது வணக்கம் சொன்னது, சின்னது பதில் சொன்னது. பிஜு என்னைத் தூக்கியே விட்டான். புதிதாகக் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் ஷைலஜா மேடம் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு வந்தார். முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

“இந்த சிவகாமி எந்த காலேஜ், நம்ம கம்பெனிக்கு வருவாங்களான்னு மேலே கேக்கறாங்க!”

அவள் கண்ணை மூடி நாலு வருஷமாகிறது; மூத்தவன்தான் முதலில் பேச வேண்டும் என்பதால் தினமும் காலையில் காபியோடு நான்தான் ஆரம்பிக்கிறேன், பதிலுக்கு எத்தனை வினாடி காத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றாமல் போயிற்று.